நொடியைத் தேடி – 14: பீசாவில் தெரிந்த கறுப்புக் கோடு

சென்ற வாரம் முட்டுச்சந்தில் நின்றோம். சீசியம் அணுவிடம் நேரம் கேட்க நொடிக்கு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் நுண்ணலை வேண்டும். அந்த அலையின் நீளம் மூன்றேகால் சென்டிமீட்டர். அது நின்று அதிர அதற்கேற்ற உலோகக் கூடு வேண்டும். கூட்டை இஷ்டத்துக்குச் சுருக்க முடியாது. அப்படியானால் கடிகாரம் பாக்கெட்டுக்குள் போவது எப்படி?

1976. இத்தாலியின் பீசா நகரம். சாய்ந்த கோபுரத்தை விடுங்கள். நமக்கு வேலை அட்ரியானோ கோசினி குழுவின் ஆய்வுக்கூடத்தில்.

கண்ணாடிக் கலத்துக்குள் சோடியம் ஆவி. ஊடே லேசர் பாய, ஆவி பழைய தெருவிளக்கைப் போல மஞ்சளாக ஒளிர்கிறது. கலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காந்தப்புலத்தின் வலு மெல்ல மாறுகிறது. அந்த மஞ்சள் தடத்தின் நடுவே, ஓரிடத்தில் மட்டும், கறுப்பாக ஒரு கோடு! வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அங்கேயும் அணுக்கள் இருந்தன, லேசரும் பாய்ந்தது. ஆனால் அணுக்கள் ஒளியைத் தொடவில்லை.

ஊஞ்சலை எதிரெதிரே நின்று இருவர் ஒரே கணத்தில், ஒரே வலுவில் தள்ளினால் அது அசையாது அல்லவா? அந்த லேசரில் பல அதிர்வெண்கள் கலந்திருந்தன. அவற்றில் இரண்டுக்கு இடையிலான வித்தியாசம், அணுவின் இரு அடிமட்டங்களுக்கு இடையிலான வித்தியாசத்தோடு அச்சாகப் பொருந்தியபோது, இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன.

அந்த வித்தியாசம்தான் கடிகாரத்தின் துடிப்பு. அதை ஒளியே சுமந்துவருமானால் நுண்ணலைக் கூடு எதற்கு? 1993இல் கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் சீர், தெத்யூ, பிரெத்தோன் மூவரும் வழி சொன்னார்கள்: ஒரே டயோடு லேசர் போதும், அதன் மின்னோட்டத்தை நுண்ணலை வேகத்தில் ஆட்டுங்கள். சீசியத்தின் துடிப்பில் பாதி வேகத்தில் ஆட்டினால், லேசரின் இருபுறமும் முளைக்கும் கிளை அதிர்வெண்களுக்கு நடுவே முழு இடைவெளி தானே கிடைத்துவிடும். எனக்கு இந்தத் தொடரில் மிகப் பிடித்த தந்திரம் இதுதான்.

லேசரும் தயாராக இருந்தது. டோக்கியோவில் கெனிச்சி இகா 1977இல் யோசித்த, சில்லின் பரப்பிலிருந்து செங்குத்தாக ஒளி விடும் குட்டி லேசர். லேசர் மவுஸில் இருப்பதும் அதே இனம்தான்.

அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா நிபந்தனை போட்டது: எல்லாம் சேர்த்து ஒரு கன சென்டிமீட்டர், 30 மில்லிவாட். 2004 ஆகஸ்டில் கொலராடோவின் போல்டரில் இருக்கும் நிஸ்ட் ஆய்வகம் கடிகாரத்தின் இதயத்தை வெளியிட்டது. அகலம் ஒன்றரை மில்லிமீட்டர், உயரம் நான்கு. ஓர் அரிசிமணி! 300 ஆண்டுக்கு ஒரு நொடிக்குமேல் பிசகாத நிதானம்.

ஆனால் மின்செலவைப் பாருங்கள். அரிசிமணி மட்டுமே 75 மில்லிவாட்டை நெருங்கியது. அதில் பெரும்பங்கைத் தின்றது லேசர் அல்ல, சூடு. சீசியம் போதிய அளவு ஆவியாக இருக்க, கலத்தைத் தேநீர்ச் சூட்டில் ஓயாமல் வைத்திருக்க வேண்டும். தொடும் இடமெல்லாம் சூடு கசிந்தது.

எதையும் தொடாமல் ஒரு கலத்தை எப்படி நிறுத்துவது? டிரேப்பர் ஆய்வகத்தில் அதை வெற்றிடத்தில் தொங்கவிடத் துணிந்தார்கள். எதில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)