கை மாறி வந்த மல்லிகை

தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், வாயிலிலோ மாடியிலோ ஒரு மல்லிகைத் தொட்டி இருக்கக் காண்கிறோம். இடம் சிறிது, வெயிலும் ஒரு பக்கந்தான் விழும். ஆயினும் அச்செடிக்கென ஒரு மூலை ஒதுக்கப்பட்டிருக்கும். அதனை நம் ஊர்ச் செடி என்றே போற்றுகிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நான் தில்லிக்கு வந்த முதல் ஆண்டில், மதுரையிலிருந்து ஒரு மல்லிகைச் செடியைக் கொண்டுவந்தேன். மார்கழிக் குளிரிலும் அதற்கு நாள்தோறும் நீர் வார்த்தேன். வேர் அழுகி அது மடிந்தது. வேறொன்று வாங்கச் சென்றபோது, மல்லிகைக்கு இந்தியில் 'சமேலி' என்று நானே பொருள்கொண்டு கேட்டேன். கிடைத்தது நம் பிச்சி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் செய்த பிழை இது! செய்தி கேட்ட அண்டை வீட்டுப் பெரியவர் நகைத்தார். அவர் கன்னௌஜ் நகரத்தவர். தம் தொட்டிச் செடியில் ஒரு கிளையைப் பதியம் போட்டு, வேர் விட்டபின் எனக்குக் கொடுத்து, "இது எங்கள் பேலா" என்றார். சித்திரையில் அது பூத்தபோதுதான் நம் குண்டுமல்லியே அது என்று அறிந்தேன்.

பேலா, மோத்தியா, மோக்ரா என வடபுலத்தில் இம்மலருக்குப் பெயர்கள் பல. முத்துப் போல் திரண்டிருப்பதால் மோத்தியா என்றனர். அக்பர் காலத்து ஆட்சிமுறையை விரித்துரைக்கும் 'அயினி அக்பரி'யில், மணமலர்களின் வரிசையில் ராய்பேலும் மோக்ராவும் இடம்பெறுகின்றன. கன்னௌஜில் இன்றும் இம்மலரைச் செப்புக் கலத்தில் நீருடன் இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கிற் குழாய் வழியே செலுத்திச் சந்தன எண்ணெயிற் படியச் செய்து அத்தர் எடுக்கின்றனர். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டிலும், கன்னௌஜ் நறுமணப் பொருள்களுக்கு அதனை அடுத்தும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே இம்மலர் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று.

இந்திய எல்லைக்குள்ளும் அது நிற்கவில்லை. சீனத்தில் இதற்கு 'மோலி' என்று பெயர். அது 'மல்லிகா' என்னும் வடசொல்லின் திரிபு என்பர் அறிஞர். அந்நாட்டார் தேயிலைக்கு மணமூட்ட இம்மொட்டுகளைப் பயன்படுத்துகின்றனர். ஆங்கிலேயர் இதனை 'அரபு மல்லிகை' என்று அழைத்தனர். ஆனால் அரபு நாடு இதன் தாயகமன்று. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இட்ட தாவரப் பெயரிலும் 'சம்பக்' என்னும் அரபுச் சொல்லின் சாயலே உள்ளது. பிலிப்பைன்ஸ் நாடு 1934-ஆம் ஆண்டில் இதனைத் தன் தேசிய மலராக ஏற்றது.

இத்தாலியில் நிகழ்ந்தது சுவையானது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், கோவாவிலிருந்து அடுக்கு மல்லிகை தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோவின் தோட்டத்தை அடைந்தது. குளிருக்கு அஞ்சும் அச்செடிக்கென அவர் தனியே ஒரு வெப்ப இல்லம் அமைத்தார். தஸ்கனிக் கோமகன் ஒருவரைப் பற்றி அங்கு ஒரு கதையும் வழங்குகிறது. தம்மிடமிருந்த மல்லிகையில் ஒரு கிளையைக்கூட எவருக்கும் தரலாகாது என்று அவர் ஆணையிட்டாராம். தோட்டக்காரன் ஒருவன் தன் காதலிக்கு ஒரு சிறு கிளையைக் கொடுக்க, அவள் அதனை நட்டு வளர்த்துச் செடிகளை விற்று, அப்பொருளால் இருவரும் மணம் புரிந்தனராம்.

கதை எவ்வாறாயினும், அதனுள் ஓர் உண்மை உள்ளது. தோட்டங்களில் வளரும் அடுக்கு மல்லிகை பெரும்பாலும் காய்ப்பதில்லை. காற்றோ பறவையோ அதன் விதையைச் சுமந்து செல்ல வழியில்லை. மதுரையானாலும் கோவாவானாலும் தஸ்கனியானாலும், ஒருவர் கிளையைக் கொடுக்க மற்றொருவர் வாங்கி நட்டதனாலேயே இச்செடி பரவிற்று. காளிதாசனின் சகுந்தலை கணவன் இல்லம் புறப்படுகையில், தான் பேர் சூட்டி வளர்த்த மல்லிகைக் கொடியைத் தோழியரிடம் ஒப்படைத்துச் செல்கிறாள். ஊர் பெயர்வோர் யாவரும் செய்யத்தக்க செயல் அது.

வடபுலத்தில் இதனை வளர்ப்போர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நலம். பன்னிரண்டு அங்குல வாயுள்ள மண் தொட்டி போதும். அடியில் துளை இன்றியமையாதது. செம்மண், மணல், மக்கிய தொழு எரு ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமேனும் வெயில் வேண்டும். குளிர்காலத்தில் செடி உறங்கும். அப்போது மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே நீர் வார்க்க வேண்டும். தை மாத இறுதியில் கவாத்து செய்து எரு இடுக. புதுத் தளிர்களிலேயே அரும்பு தோன்றுமாதலால், வெட்ட அஞ்சலாகாது. அனல் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் நிழலும் தவறாத நீரும் தேவை. மழை தொடங்கியதும், மூன்று நான்கு கணுக்கள் உள்ள முற்றிய கிளைத் துண்டை மணற்பாங்கான மண்ணில் நட்டால் சில வாரங்களில் வேர்விடும்.

சென்ற கோடையில் அண்டை வீட்டார் வெளியூர் சென்றிருந்தனர். வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தபோது அவர்களுடைய தாய்ச் செடி கருகிப் போயிருந்தது. அது அப்பெரியவரின் மனைவி நட்ட செடி. அவ்வம்மையார் இன்று இல்லை. வெறுந் தொட்டியை நோக்கியவாறு அவர் நெடுநேரம் நின்றார். மழை வந்ததும் என் தொட்டியிலிருந்து ஒரு கிளையை வெட்டி நட்டு, வேர்விட்டபின் அவரிடம் சேர்ப்பித்தேன். அன்று அவர் எனக்குக் கொடுத்திராவிடில், அம்மையார் கைப்பட வந்த செடி அவருக்கே மீண்டும் கிடைத்திராது.

உங்கள் தொட்டியிலும் மல்லிகை இருக்குமாயின், வரும் மழைக்காலத்தில் இரண்டு கிளைகளை நட்டு வையுங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றொன்று அடுத்த வீட்டுக்கு.