காகிதத்தில் பிறந்த கணினி

கணினியின் தாய்ப்பலகையைத் தனியொருவர் தம் கையாலேயே வடிவமைத்த வரலாறு இது.

கலிபோர்னியாவில் வளர்ந்த ஸ்டீவ் வோஸ்னியாக், உயர்நிலைப்பள்ளியில் பயிலும்போதே சிறுகணினிகளின் கையேடுகளைப் படித்து, அவற்றின் சுற்றுகளைக் காகிதத்தில் வரைந்து பழகினார். சில்லுகள் வாங்கப் பணமில்லை. ஆகவே, ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் குறைந்த சில்லுகளால் அதே பணியை முடிக்க முயன்றார். (வீண் கிறுக்கல் என்று நம்மில் எத்தனை பேர் அத்தாளைப் பறித்திருப்போம்!)

1975 மார்ச்சில், மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில் நடந்த ஹோம்பிரூ கணினிக் கழகத்தின் முதற்கூட்டம் அவரைத் தூண்டியது. இன்டெல் 8080 நுண்செயலியோ எட்டாத விலை. அவ்வாண்டே 6502 நுண்செயலி ஏறத்தாழ 25 அமெரிக்க வெள்ளிக்கு வந்தது. பகலில் ஹியூலெட் பேக்கார்டில் பணி. இரவில் கணினி வேலை. பேசிக் மொழிக்கான நிரலைத் தாளில் எழுதி, கட்டளைகளைக் கையாலேயே எண்களாக மாற்றினார். சுற்றுப்படத்தைக் கழகத்தாருக்கு இலவசமாகவே வழங்கினார்.

விற்கலாம் என்றவர் நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1976இல் ‘ஆப்பிள் 1’ 666.66 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 200 பலகைகளே செய்யப்பட்டன. பெட்டி, விசைப்பலகை, திரை ஆகியவற்றை வாங்கியவரே தேடிப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.