உருகு கம்பியும் ஈருலோகப் பட்டையும்: கள்ளக்குறிச்சி வட்டார மோட்டார் பெட்டிகளை முன்வைத்து

கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில், கிணற்று மேட்டு மோட்டார் கொட்டகையின் சுவரில் மாட்டிய ஸ்டார்ட்டர் பெட்டியையும், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இயங்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பலகைகளையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பவனுக்கு, உருவத்தில் எத்தனை பேதமிருந்தும் இரண்டும் ஒரே வினாவுக்கு விடை தேடுபவை என்பது புலனாகும்: கம்பி தாங்கும் அளவை மீறி மின்சாரம் பாய்ந்தால், முதலில் அறவேண்டியது எது?

1880-இல் எடிசன் காப்புரிமை பெற்ற உருகு கம்பியே அதற்குக் கிடைத்த ஆதி விடைகளுள் ஒன்று. அந்தத் தசாப்தத்திலேயே வில்லியம் பிரீஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பொறியியலாளர், கம்பியை உருக்கும் மின்னோட்டம் அதன் விட்டத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப உயருமெனப் பரிசோதித்துக் கண்டார். அவர் கணக்கின்படி 1 மி.மீ. தாமிரக் கம்பி ஏறத்தாழ 80 ஆம்பியரில் உருகும். விட்டம் இரட்டித்தால் அந்த அளவு ஏறக்குறைய 2.8 மடங்காகும். பீஸ் அடிக்கடி போகிறதென்று பீஸ் கட்டையில் தடித்த கம்பியை முறுக்கிக் கட்டுபவர், அறவேண்டிய இடத்தைக் கட்டையிலிருந்து பெயர்த்துச் சுவருக்குள் ஓடும் ஒயருக்கே மாற்றிவிடுகிறார் என்பதை இந்தச் சூத்திரத்தைவிடத் தெளிவாக எதுவும் உணர்த்தாது.

நம் பக்கம், பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும் மேட்டூர் நிலையம் 1937-இலும் மின்சாரம் தரத் தொடங்கிய பின், 1957-இல் அமைந்த சென்னை மாநில மின்சார வாரியத்தின் காலத்தில் கிணறுகளுக்கு இணைப்புகள் பெருகின. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், பூமியோடு இணைத்த நியூட்ரல் நீங்கலாக, சர்வீஸ் லைனின் ஒவ்வொரு கம்பியிலும், மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் தக்க கட்-அவுட் இருத்தல் வேண்டுமென்று விதித்தன.

ஆனால் மோட்டார், விளக்கன்று. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுப்பது ஏறத்தாழ 7.5 ஆம்பியர், புறப்படும் கணத்தில் அதைப்போல் ஆறு மடங்கு. அதைப் பொறுக்கும் உருகு கம்பி, மூன்று பேஸில் ஒன்று அற்று மற்ற இரண்டும் சுமார் 13 ஆம்பியர் சுமந்து காயிலைக் கருக்கும்போது சும்மா இருக்கும். ஆகவே பொறுப்பு இரண்டாகப் பிரிந்தது: குறுக்குச் சுற்றின் பேராபத்துக்கு உருகு கம்பி, மெதுவாக ஏறும் உஷ்ணத்துக்கு, அளவுக்கேற்ப வளையும் ஈருலோகப் பட்டை ரிலே. 1924-இல் ஜெர்மனியின் ஹூகோ ஸ்டோட்ஸ் நிறுவனத்தார் இவ்விரு குணங்களையும், உஷ்ணப் பட்டையாகவும் காந்தச் சுருளாகவும், ஒரே சிறு சுவிட்சில் அடக்கினர். இவ்வரலாற்றில் ஆகப் பெரிய முன்னேற்றமென நான் கருதுவது, பொறுப்பு இவ்வாறு இரண்டாகப் பிரிந்ததையே.

கம்பியின் பருமனும் இதனோடு பிணைந்ததே. பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு மேல் தாங்காது. இந்தியத் தர நிர்ணயம் காற்றின் வெப்பத்தை 40 டிகிரியாகக் கொண்டு கேபிளின் திறனைக் குறிக்கிறது. கோடையில் தகரப் பெட்டிக்குள் 50 டிகிரி ஆகுமானால், அதே கம்பி ஐந்தில் நான்கு பங்கு மின்னோட்டத்தையே சுமக்கும்.

கல்வராயன் மலையில், டிரான்ஸ்பார்மருக்கு வெகு தொலைவிலுள்ள கிணற்றுக்கோ கணக்கே மாறும்: உஷ்ணத்தை மட்டும் பார்த்தால் மெல்லிய கம்பி போதும், ஆயினும் தூரத்தில் வோல்டேஜ் விழ, அதே சுமையை இழுக்க மோட்டார் மேலும் மின்னோட்டத்தை உறிஞ்சுமாதலால், அங்கே கம்பியின் பருமனை வகுப்பது வழியில் விழும் வோல்டேஜே.