ஹசன் மின்ஹாஜா, மினாஜா? பெயரை மாற்ற மறுத்த காமெடியன்... யார் இவர்?

அமெரிக்காவின் பிரபல ஸ்டாண்ட்-அப் காமெடியன் ஹசன் மின்ஹாஜ். நெட்ஃபிளிக்ஸில் இவரை ரசித்துப் பார்த்தவர்கள்கூட, பெயரை எழுதச் சொன்னால் கொஞ்சம் தடுமாறிவிடுவார்கள்.

எங்கே தப்பு வருது?

ஆங்கிலத்தில் இவர் முதல் பெயரில் ஒரே ஒரு 'எஸ்' தான். ஆனால், இதே பெயரை இரண்டு 'எஸ்' போட்டு எழுதுபவர்களும் உண்டு. அதனால் இவருக்கும் பலர் இரண்டு போட்டுவிடுகிறார்கள். அடுத்த பெயரில் நடுவே வரும் 'ஹெச்' காணாமல் போய்விடும். பாடகி நிக்கி மினாஜ் ரொம்பப் பிரபலம் என்பதால், மின்ஹாஜும் மினாஜ் ஆகிவிடுகிறார். தமிழில் டைப் செய்தால், கமல்ஹாசன் ஞாபகத்தில் 'ஹாசன்' என்று கை போய்விடும்!

அரபு மொழியில் 'ஹசன்' என்றால் நல்லவர், அழகானவர் என்று பொருள். 'மின்ஹாஜ்' என்றால் வழி.

எந்த ஊர்க்காரர்?

பெற்றோருக்குச் சொந்த ஊர் உத்தரப்பிரதேசத்தின் அலிகார். மின்ஹாஜ் பிறந்தது 1985-ல், கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில். கல்லூரியில் படித்தது அரசியல் அறிவியல். அப்போது கிறிஸ் ராக்கின் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துத்தான் காமெடி மேல் ஆசை வந்தது.

2014-ல் 'தி டெய்லி ஷோ'வில் சேர்ந்தார். 2017-ல் வெள்ளை மாளிகை செய்தியாளர்கள் விருந்தில் பேச அழைக்கப்பட்டார். அதிபர் டிரம்ப் வராத விருந்து அது. அதே ஆண்டு வெளியான 'ஹோம்கமிங் கிங்' நிகழ்ச்சிக்குப் பீபடி விருது கிடைத்தது. 2018 முதல் 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் 'பேட்ரியாட் ஆக்ட்' நடத்தினார். சவுதி இளவரசரை விமர்சித்த அதன் ஒரு எபிசோடை, சவுதி அரசு கேட்டுக்கொண்டதால் அந்நாட்டில் மட்டும் நெட்ஃபிளிக்ஸ் நீக்கியது.

எலன் ஷோவில் என்ன நடந்தது?

2019-ல் எலன் டிஜெனரஸ் நிகழ்ச்சிக்குப் போனார் மின்ஹாஜ். எலன் பெயரைத் தவறாக உச்சரித்தார். சிரித்து விட்டுவிடாமல், சரியான உச்சரிப்பை அங்கேயே சொல்லிக்கொடுத்தார் மின்ஹாஜ். காமெடிக்கு வந்த புதிதில் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். மாற்ற மாட்டேன் என்றார். நடிகர் ஆன்சல் எல்கார்ட் பெயரைச் சொல்ல வருதுன்னா என் பெயரும் வரும் என்பதுதான் அவர் வாதம். அந்த வீடியோ வைரலானது. வெளிநாட்டில் தங்கள் பெயரைச் சுருக்கிக்கொண்ட பலருக்கு, அது தங்கள் கதையாகவே தெரிந்தது.

பிறகு ஏன் சர்ச்சை?

2023 செப்டம்பரில் 'தி நியூயார்க்கர்' இதழ், மின்ஹாஜ் மேடையில் சொன்ன சொந்த அனுபவங்களைச் சரிபார்த்தது. வீட்டுக்கு வந்த கடிதத்தில் இருந்த வெள்ளைப் பொடி மகள் மேல் கொட்டியது, அவளை மருத்துவமனைக்குத் தூக்கி ஓடியது என்று அவர் சொன்ன கதையும் அதில் ஒன்று. மகளுக்கு அப்படி நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். தன் கதைகளில் இருப்பது 'உணர்வின் உண்மை' என்றார். அடுத்த மாதமே வீடியோ வெளியிட்டு, கட்டுரை தன்னைத் தவறாகக் காட்டுகிறது என்றும் பதில் சொன்னார். அப்போது 'டெய்லி ஷோ' தொகுப்பாளர் பதவிக்கு அவர் பெயர் பலமாக அடிபட்டது. ஆனால், அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

மேடையில் காமெடியன் கதையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது புதுசு இல்லை. ஆனால் மின்ஹாஜ், இனவெறியையும் அரசியலையும் செய்தியாளர் மாதிரி ஆதாரத்தோடு பேசிப் பெயர் வாங்கியவர். அதனால்தான் கேள்வி பெரிதானது. 'என் பெயரைச் சரியாச் சொல்லுங்க' என்று கேட்டவரிடம், 'நீங்க கதையைச் சரியாச் சொன்னீங்களா?' என்று கேட்டார்கள் ரசிகர்கள்.

2024-ல் 'ஆஃப் வித் ஹிஸ் ஹெட்' நிகழ்ச்சியோடு மீண்டும் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தார். தேடிப் பார்ப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு 'எஸ்', நடுவில் 'ஹெச்'.