மலிவான வீடியோக் கமரா: வாங்கிய விலையும் காக்கும் விலையும்

"வீட்டுத் தேவைக்கு ஒரு வீடியோக் கமரா வாங்க வேண்டும். பிள்ளைகளின் பிறந்தநாள், கோயில் திருவிழா, ஊர்ப் பயணம் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். இணையத்திலும் ஏற்ற வேண்டும். விலை அதிகம் போகக் கூடாது. எதை வாங்கலாம்?"

2000களின் நடுப்பகுதியில், வெளிநாடுகளில் வாழும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி இது. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நம்பிக்கை நம்மவர்களிடம் உண்டு. நானும் விலையைப் பார்த்து, எடையைப் பார்த்து, ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பேன். என் சொல்லை நம்பி நண்பர் ஒருவர் சிறிய இறுவட்டில் பதிவு செய்யும் கமரா ஒன்றை வாங்கினார். அந்த இறுவட்டுகளைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இன்று யோசிக்கும்போது, அந்தக் கேள்வியின் மறுபாதியை எவரும் கேட்கவில்லை என்பது தெரிகிறது. எடுத்த படத்தை இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் எதில் போட்டுப் பார்ப்பது? அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடும்பப் படம் பிடிக்கும் கருவி எவ்வாறு மலிந்தது என்ற வரலாற்றைப் புரட்டினால், விடுபட்ட அந்தப் பாதியே அதன் உட்பொருளாக இருப்பதைக் காணலாம்.

கார் வாங்கும் காசுக்கு ஒரு கமரா

திரைப்படத் தொழிலில் ஆரம்ப காலத்தில் பயன்பட்ட 35 மில்லிமீற்றர் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதை வீட்டுக்குள் கொண்டுவருவது ஆபத்தாயிருந்தது. 1923 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கொடக் நிறுவனம், தீயின் அபாயம் குறைந்த 16 மில்லிமீற்றர் சுருளையும் அதற்கான 'சினி-கொடக்' கமராவையும் விற்பனைக்கு விட்டது. கமரா, படம் காட்டும் கருவி, முக்காலி, திரை, படச்சுருளை ஒட்டும் கருவி ஆகியன சேர்ந்த தொகுதியின் விலை 335 டொலர். அதே காலத்தில் போர்ட் நிறுவனத்தின் மிக மலிவான 'மாடல் ரி' காரை 300 டொலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது. குடும்பப் படம் அன்று செல்வந்தரின் பொழுதுபோக்காக இருந்ததில் வியப்பில்லை.

1932 இல், பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்தபோது, அதே நிறுவனம் 29.50 டொலருக்கு ஒரு கமராவைக் கொண்டுவந்தது. உத்தி எளிமையானது. 16 மில்லிமீற்றர் சுருளின் ஒரு பாதியில் முதலில் படம் பிடிப்பார்கள். பின்னர் சுருளைத் திருப்பிப் போட்டு மறுபாதியில் பிடிப்பார்கள். கழுவியபின் அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒட்டினால் 8 மில்லிமீற்றர் அகலமுள்ள படம் கிடைக்கும். முன்னர் ஒரு சட்டகம் பிடித்த பரப்பில் இப்போது நான்கு சட்டகங்கள். ஒரு சுருளில் ஏறத்தாழ 4 நிமிடங்கள் எடுக்கலாம். நடுத்தரக் குடும்பத்துக்குள் அசையும் படம் நுழைந்தது இவ்வாறுதான்.

1965 இல் 'சுப்பர் 8' வந்தது. சுருளை இருட்டில் பார்த்துப் பார்த்துக் கோக்கும் தொல்லை ஒழிந்தது. ஒரு சிறு பெட்டியைக் கமராவுக்குள் செருகினால் போதும். ஆனால், ஒரு பெட்டியில் கிடைத்ததோ 3 நிமிடமும் 20 விநாடியும்தான். ஒவ்வொரு விநாடிக்கும் காசு என்பதால், எடுப்பவர் எண்ணி எண்ணி எடுத்தார். அக்காலக் குடும்பப் படங்களில் மனிதர்கள் கமராவைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உடனே மறைந்துவிடுவதற்கு இந்தச் சிக்கனமே காரணம்.

அத்தகைய ஒரு வீட்டுக் கமராவே 1963 நவம்பர் 22 ஆம் திகதி டலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதைப் பதிவு செய்தது. ஆடை உற்பத்தியாளரான ஏப்ரகாம் சப்ருடர் எடுத்த அந்தப் படம் 26 விநாடிகளும் சொச்சமும் ஓடும். அதில் உள்ள சட்டகங்கள் 486. அதற்காக அமெரிக்க அரசு அவரது குடும்பத்தினருக்கு 1 கோடியே 60 இலட்சம் டொலர் செலுத்த வேண்டுமென 1999 இல் முடிவாயிற்று. வீட்டுக் கமராவின் சாட்சியம் எவ்வளவு கனமானது என்பதை உலகம் உணர்ந்த முதற் சந்தர்ப்பங்களுள் அதுவும் ஒன்று.

நாடாவின் காலம்

காந்த நாடா வந்ததும் கணக்கு மாறியது. கழுவும் செலவு இல்லை. எடுத்ததை உடனே பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அழித்து மீண்டும் எடுக்கலாம். 1983 இல் சோனி நிறுவனம் கமராவையும் பதிவுக் கருவியையும் ஒன்றாக்கி 'பீற்றாமூவி'யை வெளியிட்டது. அது பதிவு செய்யுமேயன்றி, எடுத்ததைத் திரும்பக் காட்டாது. 1984 இல் ஜே.வி.சி. நிறுவனம் சிறிய வி.எச்.எஸ். நாடாவில் இயங்கும் கமராவைக் கொண்டுவந்தது. அந்த நாடாவை ஓர் உறைக்குள் பொருத்தினால் வீட்டிலிருந்த வழமையான 'டெக்'கிலேயே பார்க்கலாம். 1985 இல் சோனியின் 8 மில்லிமீற்றர் நாடா வந்தது. 1989 இல் கடவுச்சீட்டின் அளவே உள்ளது என்று விளம்பரப்படுத்தப்பட்டு, 790 கிராம் எடையில், அந்நிறுவனத்தின் 'ஹண்டிகாம்' வெளிவந்தது. 8 மில்லிமீற்றர் நாடாவை வீட்டு டெக்கில் போட முடியாது. கமராவையே தொலைக்காட்சியுடன் இணைக்க வேண்டும். கமரா பழுதானால் நாடா ஊமையாகிவிடும். வாங்கும்போது இதைப் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் ஆரம்பமாயிற்று. ரூபவாஹினி 1982 இல் வந்தது. 1983 இன் வன்செயலுக்குப் பின்னர் தமிழர்கள் பெருந்தொகையாக வெளிநாடுகளுக்குச் சென்றபோது, வீடியோ நாடாவும் அவர்களுடன் பயணம் செய்தது. வர முடியாத அண்ணனுக்குத் தங்கையின் கலியாணத்தை நாடாவில் அனுப்பினார்கள். தகப்பனின் செத்தவீட்டை நாடாவில் பார்த்து அழுத பிள்ளைகள் உண்டு.

அதிலும் ஒரு சிக்கல். இலங்கையும் பிரித்தானியாவும் ஜேர்மனியும் கைக்கொண்டது 625 கோடுகளைக் கொண்ட 'பால்' முறை. கனடாவும் அமெரிக்காவும் கைக்கொண்டது 525 கோடுகளைக் கொண்ட என்.ரி.எஸ்.சி. முறை. பிரான்சில் வேறொரு முறை. கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போன நாடா அங்கே ஓடியது. அதே நாடா ரொறன்ரோவில் ஓட மறுத்தது. காசு கொடுத்து முறையை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது எல்லா முறைகளையும் ஏற்கும் டெக் ஒன்றை வாங்க வேண்டும். மாற்றும் ஒவ்வொரு தடவையும் படத்தின் தெளிவு குறைந்தது. இன்று பல வீடுகளில் எஞ்சியிருப்பது மூலப் பிரதியன்று, பிரதியின் பிரதியே.

யாழ்ப்பாணத்திலோ நிலைமை வேறு. 1990 முதல் பல ஆண்டுகள் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளும் பற்றரியும் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்த ஆண்டுகளில் அங்கு பிறந்து வளர்ந்த பெரும்பாலான பிள்ளைகளின் மழலை எந்த நாடாவிலும் இல்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள், அதற்கு முன்னர் எடுத்திருந்த நாடாக்களையும் அல்பங்களையும் வீடுகளிலேயே விட்டுச் சென்றார்கள். மலிவான கமரா என்பது வெறும் விலைச் சமாசாரம் அன்று என்பதை நாம் இவ்விதமே அறிந்தோம்.

வேறிடத்தில் அதே கமரா அரசியலையே உலுக்கியது. 1991 மார்ச் 3 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் ரொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் பொலிஸார் அடிப்பதை, ஜோர்ஜ் ஹொலிடே என்ற குழாய் பொருத்துநர் தமது வீட்டு மாடத்திலிருந்து ஹண்டிகாமில் பதிவு செய்தார். உள்ளூர்த் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. மறு ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் பொலிஸாரை விடுவித்தபோது மூண்ட கலவரத்தில் 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஆனால், அன்று ஒரு சாதாரண மனிதர் தாம் எடுத்ததை உலகுக்குக் காட்டுவதற்கு ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

கதவு திறந்தது

1995 இல் 'மினி டி.வி.' என்ற எண்முறை நாடா வந்தது. ஒரு மணிநேரப் பதிவு கணினியில் ஏறத்தாழ 13 கிகாபைட் இடத்தைப் பிடிக்கும். முதன்முதலாக, தரம் குறையாமல் பிரதி எடுப்பதும் வீட்டுக் கணினியிலேயே படத்தைத் தொகுப்பதும் சாத்தியமாயின.

பின்னர் 2005 வந்தது. ஏப்ரல் 23 ஆம் திகதி யூரியூப்பில் முதலாவது காட்சி ஏற்றப்பட்டது. மிருகக்காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று, அத்தளத்தின் நிறுவுநர்களுள் ஒருவர் பேசும் 19 விநாடித் துண்டு அது. அதே ஆண்டில் அமெரிக்க மருந்துக்கடைத் தொடர் ஒன்றில், ஒரே தடவை பயன்படுத்தும் வீடியோக் கமரா 29.99 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. 20 நிமிடங்கள் எடுத்துவிட்டுக் கடையில் கொடுத்தால், மேலும் பணம் பெற்றுக்கொண்டு இறுவட்டாகத் தருவார்கள். 1932 இன் கமராவும் 2005 இன் கமராவும் ஏறக்குறைய ஒரே விலை என்பது கவனிக்கத்தக்கது. நாணயத்தின் பெறுமதி வீழ்ச்சியைக் கருதினால், இரண்டாவது எவ்வளவு மலிவு என்பது விளங்கும்.

அக்கமராவைத் தயாரித்த பியூர் டிஜிற்றல் நிறுவனமே 2007 இல் 'பிளிப்' கமராவை 150 டொலர் அளவில் விற்றது. நாடா இல்லை. பதிவு செய்வதற்கு ஒரு சிவப்புப் பொத்தான். பக்கத்திலிருந்து வெளியே மடியும் யூ.எஸ்.பி. முனையைக் கணினியில் செருகினால் படம் இணையத்துக்குத் தயார். படம் அவ்வளவு துல்லியம் இல்லை என்று நிபுணர்கள் குறை கூறினார்கள். மக்களோ வாங்கினார்கள். யூரியூப்பின் சிறிய சதுரத்துக்கு அந்தத் தெளிவே தாராளமாக இருந்தது. ஹொலிடே தட்டிய கதவு இப்போது எல்லோருக்கும் திறந்துவிட்டது.

2009 மார்ச்சில் சிஸ்கோ நிறுவனம் பிளிப்பை 59 கோடி டொலர் பெறுமதியில் வாங்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் வீடியோ எடுக்கும் ஐபோன் வந்தது. 2011 ஏப்ரலில் சிஸ்கோ பிளிப் வணிகத்தையே மூடிவிட்டது. தனியாக ஒரு மலிவுக் கமராவை வாங்கும் தேவை, சட்டைப்பையிலிருந்த தொலைபேசியால் அற்றுப்போனது.

எஞ்சியவை

இனி நண்பரின் இறுவட்டுகளுக்கு வருவோம். 8 சென்ரிமீற்றர் அளவுள்ள அந்த வட்டு ஒன்றில் நல்ல தரத்தில் அரை மணிநேரம் பதியலாம். பதிந்து முடிந்ததும், கமராவில் உள்ள ஒரு கட்டளை மூலம் வட்டை முறைப்படி மூட வேண்டும். மூடாவிட்டால் வேறு கருவிகள் அதை வெற்று வட்டாகவே காணும். நண்பருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர் தொலைபேசியில் அழைத்தார். கமரா எப்போதோ பழுதாகிவிட்டது. தகப்பனார் காலமாகிவிட்டார். தகப்பனார் பேசும் வட்டுகள் ஆறு கையில் உள்ளன, எதிலும் ஓடவில்லை. அதே வகைக் கமரா ஒன்றைப் பழைய பொருட்கள் விற்கும் தளமொன்றில் தேடிப்பிடித்து வாங்கினோம். நான்கு வட்டுகள் மீண்டன. இரண்டு மீளவில்லை.

1930களின் படச்சுருளை இன்றும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பாட்டனாரின் முகம் தெரியும். நாடாவை எவ்வளவு வெளிச்சத்தில் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. அதைப் படிக்க இயந்திரம் வேண்டும். உலகில் வி.எச்.எஸ். டெக் தயாரித்த கடைசி நிறுவனமாகக் கருதப்பட்ட ஜப்பானின் புனாய், 2016 ஜூலையுடன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மினி டி.வி. நாடாவிலிருந்து படத்தைக் கணினிக்கு மாற்றும் இணைப்பு புதிய கணினிகளில் இல்லை. காந்த நாடாக்களை எண்முறைக்கு மாற்ற 2025 ஆம் ஆண்டே எல்லை என அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் முன்னரே எச்சரித்திருந்தது. அந்த ஆண்டு வந்துவிட்டது. நமது வெப்பத்திலும் ஈரத்திலும் அலுமாரிக்குள் இருக்கும் நாடாக்களில் பூஞ்சணம் பிடிப்பதும் புதிதன்று.

கமரா மலிய மலிய, செலவு மறைந்துவிடவில்லை. வாங்கும் நாளிலிருந்து காக்கும் நாளுக்கு அது இடம் மாறியிருக்கிறது. ஆகவே, எதை வாங்கலாம் என்று இன்று எவராவது கேட்டால் எனது பதில் இதுதான். கையில் உள்ள தொலைபேசியே போதும். கமரா வாங்க வைத்திருக்கும் பணத்தில், அலுமாரியில் உள்ள பழைய நாடாக்களை முதலில் எண்முறைக்கு மாற்றுங்கள். மாற்றியதை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். மூல நாடாவை எறிந்துவிடாதீர்கள். யூரியூப்பில் ஏற்றியிருக்கிறேன் என்று நிம்மதி கொள்ளாதீர்கள். அங்கே இருப்பது சுருக்கப்பட்ட பிரதி, கணக்கு மூடப்பட்டால் அதுவும் போய்விடும்.

காட்சியில் இருப்பவர்களின் பெயரையும் ஆண்டையும் ஊரையும் எழுதிவைக்க மறவாதீர்கள். நண்பரின் மீண்ட வட்டு ஒன்றில், தகப்பனாருக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் யாரென்று சொல்ல அந்தக் குடும்பத்தில் இன்று ஒருவரும் இல்லை.