நாலு கதவு கேட்ட குடும்பம்

ஒரு குடும்பக் காருக்கு எத்தனை கதவு வேண்டும்?

'இதெல்லாம் ஒரு கேள்வியா, நாலுதான்!' என்பீர்கள். ஆனால், மெட்ராஸில் தயாரான ஒரு காருக்கு இரண்டே கதவு இருந்தது. அதை நாலாக்க ஏழு வருடம் ஆனது. அந்த ஏழு வருடமும் அதன் பின்சீட்டில் ஏறி இறங்கியவர்கள் பட்ட பாடு இருக்கிறதே... அதுவும் சரித்திரம்தான்.

காரின் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இப்போது அறுபது, எழுபது வயதில் இருப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வரும்.

1960-களின் நடுவில் ஒரு மயிலாப்பூர் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் கிளம்புகிறார்கள். அப்பா, அம்மா, கல்யாணப் பெண், ஒன்பது கஜம் கட்டிய பாட்டி. பின்பக்கம் தனிக் கதவு கிடையாது. முன்சீட்டை மடக்கி, உடம்பைக் குறுக்கி, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, தலையில் இடித்துக்கொள்ளாமல் பாட்டி உள்ளே போக வேண்டும்.

ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், போவது காஞ்சிபுரம்! பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டு வாசலில் ஒரு நிறுத்தம். காமாட்சியம்மன் கோயிலில் ஒன்று. ஏகாம்பரநாதர், வரதராஜர், கைலாசநாதர் என்று வரிசையாக நிறுத்தங்கள். 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், திருப்பருத்திக்குன்றம் ஜைனர் கோயில்ல கூரை ஓவியம் பிரமாதமா இருக்குமாம், அதையும் பார்த்துடலாம்' என்று யாராவது சொன்னால் வேகவதிக் கரையில் கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வாசலிலும் முன்சீட்டுக்காரர் இறங்கினால்தான் பின்சீட்டுக்காரர் இறங்க முடியும். திரும்ப ஏறும்போதும் இதே கதைதான்.

'இந்த வயசுல எனக்கு இந்த சர்க்கஸ் எதுக்குடா? ஒரு அம்பாஸடர் வாங்கப்படாதோ?' என்று பாட்டி கேட்டிருந்தால், அதைவிடத் துல்லியமான மார்க்கெட் ரிசர்ச் அன்றைக்கு எவரிடமும் இருந்திருக்காது.

சரி, இரண்டு கதவுக் கார் இங்கே எப்படி வந்தது?

ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் மெட்ராஸில் ஆரம்பமான கம்பெனி. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியுடன் கூட்டு. வண்டலூர் பக்கம் ஆலை. முதலில் வான்கார்டு என்ற பெரிய கார், பிறகு சிறிய கார்கள். பாகங்களை அங்கிருந்து கொண்டுவந்து இங்கே கோப்பதில் தொடங்கி, மெல்ல மெல்லச் சொந்தத் தயாரிப்புக்கு மாறினார்கள்.

1953-ல் மத்திய அரசு கறாராக ஒரு முடிவு எடுத்தது. 'சும்மா கோத்து விற்கிற வேலை போதும், இந்தியாவிலேயே தயாரிக்கிறவர்கள் மட்டும் இருங்கள்.' ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிவிட்டன. குடும்பக் கார் என்று பார்த்தால் கடைசியில் களத்தில் நின்றவர்கள் மூன்றே பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. அம்பாஸடர், ஃபியட், ஹெரால்டு. மூன்றில் குறைவாக விற்றது நம்ம மெட்ராஸ் கார்தான்.

ஹெரால்டின் மூலம் 1959-ல் இங்கிலாந்தில் வெளியான ட்ரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. ரொம்ப அழகான கார். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். காஞ்சிபுரத்துச் சந்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பானட்டைத் தூக்கினால் காரின் முன்பாகம் மொத்தமும், மட்கார்டு சகிதம் முதலை வாயைத் திறப்பதுபோல முன்பக்கமாகச் சாயும். மெக்கானிக் சௌகரியமாக முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம்.

1961-ல் இங்கே வந்தது. அப்புறம்தான் புகார்கள்.

முதல் புகார், கதவு. இங்கிலாந்தில் ஹெரால்டை வாங்கியவர்கள் இளம் தம்பதியர், ஒண்டிக்கட்டைகள், ஆபீஸ் போகிறவர்கள். இங்கே கார் வாங்கினால் அது பெரும்பாலும் கூட்டுக் குடும்பத்தின் சொத்து. அம்பாஸடரிலும் ஃபியட்டிலும் நாலு கதவு இருக்கும்போது இரண்டு கதவை யார் விரும்புவார்கள்?

இரண்டாவது, இன்ஜின். அம்பாஸடருக்கு 1489 சி.சி., ஃபியட்டுக்கு 1089 சி.சி., ஹெரால்டுக்கு 948 சி.சி.தான். குடும்பம் மொத்தமும் ஏறி, டிக்கியும் நிறைந்துவிட்டால் மூச்சு வாங்கும்.

மூன்றாவதுதான் பெரிய புகார். பின் ஆக்ஸில். சாதாரணக் காரில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே விறைப்பான அச்சு இணைக்கும். ஹெரால்டில் அப்படியில்லை. நடுவில் டிஃபரென்ஷியல். அதிலிருந்து இரண்டு பக்கமும் பறவைச் சிறகு மாதிரி தனித்தனி அரை அச்சு. இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். ஆள் குறைவாக இருக்கும்போது சொகுசு. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து டிக்கியில் மூட்டையும் ஏறினால், பின்பக்கம் அமுங்கி, சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்து, கால் அகட்டி நிற்கிற மாதிரி ஆகிவிடும். டயர் உள்ஓரத்தில் தேயும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டாலோ நேர் எதிர் ஆபத்து. பின்பக்கம் எழும்பி, சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும்.

போதாததற்கு முன் சக்கரத்தடியில் ஒரு மூட்டு. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, கியர் ஆயில் மாதிரி கெட்டியான எண்ணெய். வழக்கம்போல கிரீஸை அடித்துவிட்டாலோ, எண்ணெய் போட மறந்தாலோ, நாளடைவில் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடிந்து உட்கார்ந்துவிடும். விவரம் தெரிந்த ஓனர்கள் சர்வீஸ் முடியும்வரை வண்டியின் பக்கத்திலேயே காவல் நின்றது சும்மா இல்லை.

ஸ்விங் ஆக்ஸில் விவகாரம் நம்ம ஊரோடு முடியவில்லை. அமெரிக்காவில் செவர்லே கார்வெய்ர் என்ற காரிலும் அதே பாணி அச்சுதான். அதை முதல் அத்தியாயத்திலேயே போட்டுத் தாக்கி, 1965-ல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீல் ஒரு புத்தகம் எழுதினார். பெரிய புயல். அடுத்த வருடமே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. (அந்தக் கார் சக கார்களைவிட மோசமில்லை என்று 1972-ல் அரசாங்க ஆய்வு ஒன்று சொன்னது தனிக்கதை. அதற்குள் கார்வெய்ரே நின்றுபோயிருந்தது.)

இங்கே நேடர் யாரும் இல்லை, சட்டமும் வரவில்லை. காமர்ஸ் வகுப்பில் 'விற்பவர் சந்தை' என்று ஒரு பாடம் உண்டு. சரக்கு குறைவு, வாங்க ஆள் அதிகம், ஆகவே விற்பவர் வைத்ததே சட்டம். லைசென்ஸ் ராஜ்ய இந்தியாவின் கார் வியாபாரம் அதற்கு அச்சு அசலான உதாரணம். பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அம்பாஸடரைப் பற்றி, 'ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும்' என்று ஜோக்கடித்தபடியே அதற்கும் க்யூவில் நின்றார்கள். புகாரைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் எந்தக் கம்பெனிக்கும் இல்லை.

ஆச்சரியம் என்னவென்றால், ஸ்டாண்டர்டு கேட்டது! மூன்று பேரில் கடைசியாக இருந்ததாலோ என்னவோ, கேட்டது.

1968-ல் ஹெரால்டு மார்க் 3 வந்தது. நாலு கதவு! இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி ஹெரால்டைக் கூரை திறக்கிற காராகவும், கூப்பேயாகவும், எஸ்டேட்டாகவும் விதவிதமாகப் போட்டுப் பார்த்தது. நாலு கதவு வைத்த ஹெரால்டு சலூனை மட்டும் கடைசிவரை போடவே இல்லை. அது மெட்ராஸில் மட்டுமே பிறந்த கார். ஹெரால்டின் உடம்பைத் தனியான சேஸிஸ் மேல் பாகம் பாகமாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இந்த மாதிரி மாற்றங்களுக்கு வசதியான அமைப்பு.

அடுத்து, 1970-களின் ஆரம்பத்தில் ஸ்டாண்டர்டு கெஸல் வந்தது. அடிப்படையில் அதே ஹெரால்டுதான். ஆனால் ஸ்விங் ஆக்ஸில் போய்விட்டது! அந்த இடத்தில் நம்ம சாலைக்கும் நம்ம பாரத்துக்கும் தோதாக, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்க்கக்கூடிய சாதாரண விறைப்பான அச்சு. இங்கிலாந்து ஹெரால்டோ 1971-ல் நிறுத்தப்படும்வரை பழைய அச்சிலேயே ஓடியது.

நன்றாக கவனியுங்கள். இந்த இரண்டு மாற்றமும் பளபளப்புக்காகச் செய்தவை அல்ல. ஒன்று பின்சீட்டுப் பாட்டியின் குறை, இன்னொன்று ஓட்டுகிறவரின் பயம். இரண்டுக்கும் தாய்க் கம்பெனி தராத பதிலை மெட்ராஸ் தொழிற்சாலை தந்தது.

அப்புறம் ஏன் ஜெயிக்கவில்லை?

கதவு நாலானது, அச்சு மாறியது, இன்ஜின் மட்டும் அதே 948 சி.சி.யில் நின்றது. 1969-ல் மத்திய அரசு கார் விலையைச் சட்டம் போட்டு நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம்வரை போய்ச் சண்டை போட்டன. 1973-ல் உலகம் முழுக்க எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் விலை ஏற, கார் விற்பனை படுத்தது. சின்னக் கம்பெனியால் மூச்சுப் பிடிக்க முடியவில்லை. 1977-ல் கெஸலுக்கு முற்றுப்புள்ளி. அதன்பின் எட்டு வருடம் ஸ்டாண்டர்டு பெயரில் கார் இல்லை, வேன்கள் மட்டும்தான்.

அந்த எட்டு வருடத்தில் நாடு மாறிப்போனது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 'கார் என்றால் காலையில் சாவியைத் திருகியதும் ஸ்டார்ட் ஆக வேண்டும்' என்ற புதுமையான எண்ணத்தை இந்தியர்களுக்குப் பழக்கியது!

1985-ல் ஸ்டாண்டர்டு மறுபடி களத்தில் குதித்தது. ஸ்டாண்டர்டு 2000. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பின்னே, அது பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. 1977-ல் ஐரோப்பாவின் 'கார் ஆஃப் தி இயர்' விருது வாங்கிய கார். ராஜா மாதிரி தோற்றம்.

பானட்டைத் தூக்கினால்தான் விஷயம் தெரியும். ரோவர் அறிமுகமானபோது அதில் இருந்தது எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் இன்ஜின். இங்கே வைத்தது நாலு சிலிண்டர், 1991 சி.சி. வேர் எங்கே போகிறது தெரியுமா? 1940-களின் வான்கார்டு இன்ஜினுக்கு. அதே குடும்பத்து இன்ஜின்தான் அந்தக் காலத்து ஃபெர்குசன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தது! கொஞ்சம் சீர்திருத்தி ரோவருக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். அவ்வளவு கனமான உடம்பை அது இழுத்துக்கொண்டு போக வேண்டும். விலையோ சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத விலை.

முதல் இரண்டு மாற்றமும் ஓனர்களின் குறையிலிருந்து புறப்பட்டவை. இந்த மூன்றாவது கையில் கிடைத்த டிசைனிலிருந்து புறப்பட்டது. 'எங்களுக்கு ரோவர் வேண்டும்' என்று எந்தக் குடும்பமும் கேட்கவில்லை. குறைந்த பெட்ரோலில், மக்கர் பண்ணாமல், வாங்கக்கூடிய விலையில் ஒரு கார் கேட்டது. அதை மாருதி தந்துவிட்டது.

1988-ல் ஸ்டாண்டர்டு 2000 உற்பத்தி நின்றது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கார் வாங்கியவர்கள் ஸ்பேர் பார்ட்ஸுக்கு அலைந்தார்கள். கம்பெனி இல்லாத காருக்கு மெக்கானிக்கும் லேத் பட்டறையும்தான் தாய் தகப்பன். தேய்ந்ததைக் கடைந்து, கிடைக்காததைச் செய்து, எப்படியோ ஓட்டினார்கள். இன்னும்கூட சில ஹெரால்டுகள் பழைய கார் அணிவகுப்புகளில் தலைகாட்டுகின்றன. பல வருடம் பூட்டிக் கிடந்த ஆலையின் சரக்கு, இந்த நூற்றாண்டு பிறந்தபின் ஏலத்துக்கு வந்தது. ரோவர் பாகங்களைப் பெருமளவில் அள்ளிக்கொண்டு போனவர்கள் பிரிட்டன் உதிரிபாக வியாபாரிகள். அங்கே பழைய ரோவர் வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். நம்மிடம் விலைபோகாத கார், பிறந்த வீட்டுக்குப் பார்ட்டு பார்ட்டாகத் திரும்பியது.

இன்றைக்கு வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் ரோட்டைப் பிடித்துக் காஞ்சிபுரம் போய்ப் பாருங்கள். வழியில் ஒரகடம். 2010-ல் ரெனோவும் நிசானும் சேர்ந்து ஆலை திறந்த ஊர். வடக்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய். தெற்கே மறைமலைநகரில் ஃபோர்டு கார் போட்ட ஆலை. அதுவும் 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. உலகக் கம்பெனியே ஆனாலும், கேட்பது என்ன என்று புரியாவிட்டால் இந்த மண்ணில் நிற்க முடியாது.

ஷோரூமுக்குப் போனால் இப்போது வேறு பாஷை. பெரிய திரை, கூரையில் கண்ணாடி ஜன்னல், பேச்சுக்குப் பதில் சொல்லும் டேஷ்போர்டு என்று 'அப்கிரேடு'களை அடுக்குவார்கள். எல்லாம் நல்லதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது யாரோட குறைக்குப் பதில், தம்பி?'

பதில் வந்தால் அது நாலாவது கதவு. வராவிட்டால், ரோவர் சட்டை போட்ட டிராக்டர் இன்ஜின்.