காலுறையின் நுனியில் ஓர் ஆரஞ்சு: மலிவான பரிசுகளின் வரலாறு

கிறிஸ்துமஸ் பரிசுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கடைவீதியிலிருந்தே தொடங்குகின்றனர். பேரங்காடிகளின் கண்ணாடிச் சாளரங்கள், பொம்மைத் தொழிற்சாலைகள், பத்திரிகை விளம்பரங்கள் ஆகியவை ஏராளமான சான்றுகளை விட்டுச் சென்றிருக்கின்றன. அவற்றைக் கொண்டு எழுதப்படும் வரலாறு நுகர்வின் வளர்ச்சியைப் பற்றிய வரலாறாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் அதே பண்டிகையின் ஓரத்தில் குழந்தையின் காலுறை ஒன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஓர் ஆரஞ்சு, ஒரு கைப்பிடி கொட்டைகள், ஒரு பென்சில், ஒரு ஜோடிக் கையுறை, நுனியில் ஒரு செப்புக் காசு ஆகியவை இருந்தன. விலை குறைந்த, அன்றாடம் பயன்படக்கூடிய இப்பொருள்களுக்கு ஆவணக் காப்பகங்களில் இடம் மிகக் குறைவு. பழம் உண்ணப்பட்டது, பென்சில் தேய்ந்தது, கையுறை கிழிந்தது. பயன்பட்டதனாலேயே அவை மறைந்தன. அவற்றின் வரலாற்றை மீட்டெடுக்க ஓவியங்களையும் புதினங்களையும் பங்கீட்டு ஆணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

காலுறைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தோற்றக் கதை புனித நிக்கலஸைச் சார்ந்தது. இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மைரா நகரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் அவர். சீதனம் கொடுக்க வழியில்லாத ஓர் ஏழைத் தந்தையின் மூன்று மகள்களுக்காக, இரவில் மறைவாக அவ்வீட்டுக்குள் பொன்னை எறிந்தார் என்பது கதை. அப்பொன் கணப்படுப்பின் அருகே உலர வைத்திருந்த காலுறைக்குள் விழுந்தது என்று இன்று சொல்லப்படுகிறது. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த புனிதர் வரலாற்றில் பொன் துணியில் முடியப்பட்டு எறியப்படுகிறது. அங்கே காலுறை இல்லை. 1425-ஆம் ஆண்டில் ஜென்டீலே தா ஃபாப்ரியானோ தீட்டிய பலிபீட ஓவியத்தில் நிக்கலஸ் சாளரத்தின் வழியே பொன் உருண்டைகளை எறிகிறார். காலுறை பிற்காலத்தவர் சேர்த்த விவரம். வழக்கம் நிலைபெற்ற பிறகு, அதற்கொரு புனிதத் தொடக்கத்தைத் தேடிக் கதை திருத்தப்பட்டிருக்க வேண்டும்.

நெதர்லாந்தில் இவ்வழக்கத்தின் முந்தைய வடிவம் காலணியைச் சார்ந்திருந்தது. 1660-களில் யான் ஸ்டேன் தீட்டிய ‘புனித நிக்கலஸ் விழா’ இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் காலை வேளை அதில் விரிகிறது. சிறுமி ஒருத்தி பொம்மையை அணைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய அண்ணன் அழுகிறான். அவனுக்குரிய காலணியில் பிரம்புக் குச்சிகளே இருந்தன. தரையிலும் கூடையிலும் பழங்களும் கொட்டைகளும் பலகாரங்களும் கிடக்கின்றன. பெரும்பகுதியும் உண்ணும் பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காலணி கொள்ளும் அளவே பரிசின் அளவு.

இவ்வழக்கம் அமெரிக்காவில் காலுறையாக உருமாறியதை ஆவணப்படுத்த முடிகிறது. நியூயார்க் வரலாற்றுக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் பின்டார்ட், 1810 டிசம்பர் 6 அன்று நடந்த புனித நிக்கலஸ் நாள் விருந்துக்காக அலெக்ஸாண்டர் ஆண்டர்சனைக் கொண்டு ஒரு படத்தைச் செதுக்குவித்தார். ஆயரின் உருவத்தருகே கணப்படுப்பும் அதன்மேல் தொங்கும் இரு காலுறைகளும் அதில் இடம்பெற்றன. ஒன்றில் பரிசுகள்; மற்றொன்றில் பிரம்புக் குச்சிகள். 1823 டிசம்பர் 23 அன்று நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரச் செய்தித்தாளொன்றில் பெயரின்றி வெளியாகி, பின்னர் கிளெமென்ட் கிளார்க் மூரின் பெயரால் அறியப்பட்ட கவிதை இக்காட்சியை நாடு முழுவதும் கொண்டுசென்றது. தெருவில் குடியும் கூச்சலுமாகக் கொண்டாடப்பட்ட பண்டிகையை நகரத்து மேட்டுக்குடியினர் வீட்டுக்குள் கொண்டுவந்து, குழந்தைகளை மையமாக்கிய காலம் அது என்று வரலாற்றாசிரியர் ஸ்டீபன் நிசென்பாம் வாதிட்டுள்ளார். அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டால், காலுறை அந்த மாற்றத்துக்கு மிகவும் பொருந்திய கருவி என்பது விளங்கும். அதை வாங்கவேண்டியதில்லை. குழந்தை அன்றாடம் அணிவதே போதும். ஏழை வீட்டாலும் அதைத் தொங்கவிட முடியும். அதை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் சிக்கல்.

அச்சிக்கலை அமெரிக்கக் குழந்தை இலக்கியம் வெளிப்படையாகவே பேசியது. லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ புதினத்தின் முதற்பகுதி 1868-இல் வெளிவந்தது. கதை உள்நாட்டுப் போர்க்காலத்தில் நிகழ்கிறது. தந்தை போர்முனையில் இருக்கிறார். வீரர்கள் துன்புறும்போது இன்பத்துக்காகப் பணம் செலவிடலாகாது என்று தாய் கருதியதால், அந்த ஆண்டு பரிசுகள் இல்லை. கிறிஸ்துமஸ் காலையில் கண்விழிக்கும் ஜோவின் கண்ணில் கணப்படுப்பருகே காலுறைகள் தென்படவில்லை; ஒரு கணம் ஏமாற்றம் அடைகிறாள். ஆனால் நான்கு சகோதரிகளும் ஆளுக்கு ஒரு டாலரை வைத்துக்கொண்டு தாய்க்கு வாங்கிய பொருள்களின் பட்டியல் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போலவே இருக்கிறது: ஒரு ஜோடிக் கையுறை, காலுக்குச் செருப்பு, விளிம்பு தைத்த கைக்குட்டைகள், ஒரு குப்பி நறுமண நீர். முதல் மூன்றும் நாள்தோறும் தேய்பவை. நான்காவது மட்டுமே ஆடம்பரம்; அதற்கும் எமி முதலில் சிறிய குப்பியைத்தான் வாங்கினாள், மிச்சத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளும் எண்ணத்தில். பின்னர் மனம் மாறிப் பெரிய குப்பியாக மாற்றிவந்தாள். சிறு தொகை ஒன்றைப் பங்கிடுவதில் எழும் அறச்சிக்கலைப் புதினம் அந்த ஒரு குப்பியில் காட்டிவிடுகிறது.

லாரா இங்கால்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி’ 1935-இல், பெருமந்தத்தின் நடுவே வெளிவந்தது. அது நினைவுகூர்வதோ கான்சாஸ் புல்வெளியில் அவருடைய குடும்பம் வாழ்ந்த 1869–71 காலத்தை. ஆற்றில் வெள்ளம் பெருகியதால் அந்த ஆண்டு பரிசு கிடைக்காது என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டனர். அண்டைவீட்டுக்காரரான எட்வர்ட்ஸ் தொலைவிலுள்ள ஊர் வரை நடந்துசென்று, குளிர்ந்த நீரை நீந்திக் கடந்து பரிசுகளைக் கொண்டுவருகிறார். இரு சிறுமியரின் காலுறையிலும் ஆளுக்கு ஒரு தகரக் குவளை, ஒரு மிட்டாய்க் குச்சி, வெள்ளைச் சர்க்கரை தூவிய ஒரு சிறு கேக், நுனியில் ஒரு புதிய பென்னி. அதுவரை அவ்விருவரும் ஒரே குவளையில்தான் நீர் அருந்தியவர்கள். இனி ஒவ்வொருத்திக்கும் தனக்கென ஒரு குவளை உண்டு. விலைப்பட்டியலில் ஏறக்குறைய கடைசியில் நிற்கும் ஒரு பொருள், குழந்தைக்கு முதன்முதலாக ‘என்னுடையது’ என்ற சொல்லை வழங்குகிறது. வேலையிழந்தோர் நிறைந்திருந்த 1935-இல் இதைப் படித்த பெற்றோருக்கு அது பழங்கதையாக மட்டும் தோன்றியிருக்காது.

காலுறைப் பரிசுகளுள் அதிகம் நினைவுகூரப்படுவது ஆரஞ்சு. நிக்கலஸ் எறிந்த பொன் உருண்டையின் குறியீடு அது என்ற விளக்கம் பரவலாக உள்ளது. பொருளியல் காரணமும் ஒன்று உண்டு. பனிக்காலத்தில் வட நாடுகளில் புதிய பழம் அரிது; ஆரஞ்சு அப்பருவத்தில் பழுப்பது; தடித்த தோலால் நெடுந்தொலைவுப் பயணத்தையும் தாங்குவது. 1869-இல் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த ரயில் பாதை நிறைவுற்றது. 1873-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் எலைசா டிபெட்ஸ், பிரேசிலிலிருந்து வந்த விதையற்ற ஆரஞ்சு வகையின் கன்றுகளை நட்டார். அந்த வகை குளிர்காலத்தில் கனிவது. 1908-இல் கலிபோர்னிய விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு ‘சன்கிஸ்ட்’ என்ற பெயரில் பழத்தை விளம்பரப்படுத்தத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கு முன் கனவாக இருந்த பழம் இவ்வாறு எளியோரின் காலுறையையும் எட்டியது. இதே காலத்தில் எஃப்.டபிள்யூ. வுல்வொர்த் 1879-இல் பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் ஐந்து, பத்து சென்ட் கடையைத் திறந்து வெற்றி கண்டார். 1909-இல் அந்நிறுவனம் பிரிட்டனின் லிவர்பூலில் கால்பதித்தது. அங்கே இரண்டாம் உலகப் போர் வரை ஆறு பென்னி என்பதே உச்ச விலை. விலையைக் கட்டிவைத்துப் பொருளைத் தேடும் இம்முறை, காலுறையை நிரப்பும் தாயின் கணக்கோடு நன்கு பொருந்தியது.

காலுறைக்கு வழியில்லாத இடத்துக்கும் இதே கணக்கு சென்றதற்கு ஒரு சான்று, இந்தியாவோடு நேரடியாகத் தொடர்புடையது. 1914 அக்டோபரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பதினேழு வயது மகள் மேரியின் பெயரில் ஒரு நிதி திரட்டப்பட்டது. கிறிஸ்துமஸ் நாளில் படைப்பணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பித்தளைப் பெட்டி என்பது திட்டம். பொதுமக்கள் தந்த தொகை 1,60,000 பவுண்டைக் கடந்தது. உள்ளே வைக்கவேண்டிய பொருள்களைத் தேர்வதில்தான் உண்மையான சிந்தனை செலவாயிற்று. புகைப்போருக்குப் புகையிலையும் சிகரெட்டும், புகைக்காதவருக்குப் புளிப்பு மிட்டாயும் எழுதுபொருளும், செவிலியருக்குச் சாக்லேட். பிரான்சுப் போர்முனையில் அப்போது இந்தியப் படைப்பிரிவுகள் இருந்தன. கூர்க்கா வீரர்களுக்குப் பிரிட்டிஷ் வீரர்களுக்கு உரியதே வழங்கப்பட்டது. புகைப்பதைத் தவிர்க்கும் சீக்கியருக்குக் கற்கண்டும், சிறு தகரப் பெட்டியில் நறுமணப் பொருள்களும்; ஏனைய இந்திய வீரர்களுக்கு இவற்றோடு சிகரெட்டும் வைக்கப்பட்டன. பெறுபவர் யார், அவருக்கு எது பயன்படும், எது ஒவ்வாது என்று கேட்ட பிறகே பெட்டி நிரப்பப்பட்டிருக்கிறது. அதே வேளையில், அப்பெட்டி ஒரு பேரரசு தன் வீரர்களைச் சமயமும் இனமும் பார்த்து வகைப்படுத்திய பதிவேடாகவும் இருக்கிறது. அக்கறையும் ஆட்சியும் ஒரே மூடியின் கீழ் இருந்தன.

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டன், மலிவு என்பதன் பொருளையே தலைகீழாக்கியது. 1941 ஜூனில் துணிக்கும், 1942 பிப்ரவரியில் சோப்புக்கும், அதே ஆண்டு ஜூலையில் இனிப்புக்கும் பங்கீடு வந்தது. இனிப்பின் அளவு பெரும்பாலும் ஒருவருக்கு வாரத்துக்கு 3 அவுன்ஸ் அளவில் நின்றது. கப்பல்களில் ஆரஞ்சுக்கு இடம் சுருங்கியது. வந்த சொற்பத்திலும் குழந்தைகளுக்கே முன்னுரிமை. முன்பு சில பென்னிக்குக் கிடைத்த ஆரஞ்சைப் பணம் வைத்திருந்தவரும் விரும்பியபோது வாங்க இயலவில்லை. ஒரு கட்டிச் சோப்பு மதிப்புமிக்க பரிசாயிற்று. பழைய கம்பளிச் சட்டையின் நூலைப் பிரித்து மீண்டும் பின்னிய கையுறை காலுறைக்குள் சென்றது. இருப்பதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துமாறு 1943-இல் வர்த்தக அமைச்சகம் கையேடே வெளியிட்டது. இனிப்புப் பங்கீடு 1953 பிப்ரவரியில்தான் முடிவுக்கு வந்தது. போர்க்காலத்தில் பிறந்த குழந்தைகள் பள்ளிப் பருவத்தை எட்டிய பின்னரே தாராளமான மிட்டாயைக் கண்டனர்.

இந்நிகழ்வுகளை ஒருசேர நோக்கினால் இரண்டு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, மலிவு என்பது பொருளுக்குள் உறைந்திருக்கும் பண்பு அன்று. அதே ஆரஞ்சு 1850-இல் அரியது, 1910-இல் எளியது, 1942-இல் மீண்டும் அரியது. ரயில் பாதையும், கூட்டுறவு அமைப்பும், கடலில் உலவிய நீர்மூழ்கிக் கப்பலும் அதன் மதிப்பை மாற்றின. பழம் மாறவில்லை. எனவே பரிசுகளின் வரலாற்றை விலையை மட்டும் கொண்டு எழுதுவது பிழையில் முடியும்.

இரண்டாவது, இவ்வழக்கம் ஓர் உழைப்பைத் தொடர்ந்து மறைத்துவந்திருக்கிறது. காலுறையை நிரப்பியவர் வானிலிருந்து வந்தவர் என்பதே குழந்தைக்குச் சொல்லப்பட்ட கதை. சில்லறையைச் சேர்த்தவர், யாருக்குக் கையுறை கிழிந்திருக்கிறது என்று கவனித்தவர், எல்லோரும் உறங்கிய பின் பின்னல் ஊசியோடு விழித்திருந்தவர் பெரும்பாலும் அவ்வீட்டுத் தாய். கதை வெற்றிபெற வேண்டுமானால் அவர் பெயர் வெளிவரக் கூடாது. குழந்தையின் நன்றி வேறொருவருக்குச் சென்றது. வரலாற்றாசிரியரின் கவனமும் அதே வழியில் சென்றது.

மேரியின் பித்தளைப் பெட்டிகள் இன்றும் அருங்காட்சியகங்களிலும் ஏலக் கூடங்களிலும் காணக் கிடைக்கின்றன. அவற்றுள் பல வெறுமையாக இருக்கின்றன. கற்கண்டை யாரோ ஒரு வீரர் பதுங்குகுழியில் தின்றிருப்பார். பென்சிலால் யாரோ வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பார். பெட்டி வெறுமையாக இருப்பது பரிசு பயன்பட்டதற்கான சான்று. வீட்டுக் காலுறைகளுக்கு அந்த வெறும் பெட்டியும் மிஞ்சவில்லை. விடுமுறை முடிந்ததும் அவை துவைக்கப்பட்டு, மீண்டும் குழந்தைகளின் கால்களுக்கே சென்றன.